என் நாற்காலியில் உன் உயிர்

என் அக்கா பெற்ற செல்வமே,

ஹொனலூலுவிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. உன் மகள் கைலானிக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும், பிலிப்பைன்ஸில் நம் பட்டாக் ஊரில் யாரோடு பேசுவாள், அதனால் டிசம்பரில் அவளோடு வரவில்லை என்கிறாய்.

ஆங்கிலத்தை நான் பழிக்கமாட்டேன். கப்பல்களையும் கோர்ட்டுகளையும் ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்தும் மொழி அது. ஆனால் ஓரிடத்தை விட்டுக் கிளம்பும்போது மற்றவர்களிடம் 'குட்பை' சொல்லிவிட்டுப் போய்விடும். நம் இலோகானோ மொழி சொந்த உயிரையும் மறக்காமல் கூப்பிடும்: "உமாய்கன், டிகா அக்பட்பதி." வா, பின்தங்கிவிடாதே.

பதினொரு வருடம் முன்பு என்னோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு ஓடினாயே, அன்று அதைச் சொல்ல மறந்துவிட்டாய். அதுமுதல் உன் உயிர் என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பப்பாளிக்காய் பூரணம் வைத்துப் பொரித்த எம்பனாடா தினம் நாற்பது தின்கிறது. மாகாணத்திலேயே பப்பாளிக்காய் தீர்ந்துவிட்டது.

நேற்று போனில் இதை என் ராஜ ஆங்கிலத்தில் கைலானியிடம் சொன்னேன்.

"பொய் சொல்றீங்க தாத்தா."

"வந்துதான் பாரேன்."

"வந்தா அதை எப்படிக் கூப்பிடணும்?"

சொல்லிக்கொடுத்தேன். நான்காவது தடவை சரியாகச் சொன்னாள். இங்கே ஏழு ஊர் நாய்கள் எழுந்து நின்றன.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நான் பெட்டி அடுக்கப் போறேன்," என்றாள்.

ஆகவே டிக்கெட் எடு.

இன்னொன்று. அன்று நீ மறக்கவில்லை. வாசலில் நின்று கூப்பிடத்தான் செய்தாய். கதவுக்குப் பின்னால் நின்று, 'போகாதே' என்று உன் உயிரிடம் கெஞ்சியவன் நான்தான். இந்த முறை நீங்கள் கிளம்பும்போது நானும் சேர்ந்து கூப்பிடுகிறேன்.

இன்னும் கதவருகே நிற்கும்,
உன் மாமா