பெரியவர் தூங்குகிறார்

ஜூன் 24, செவ்வாய்

காற்றே இல்லை. மாடியில் போட்ட துணி விறைத்து அப்பளமாகிவிட்டது. ஆடிச் சரக்கு வந்து இறங்குகிறது, படிக்கட்டு வரை பண்டல். தி. நகரில் கீழே கடை, மேலே வீடு என்றால் இதுதான் கதி.

குளித்ததும் தூங்கினான். அதே சத்தம். தொண்டையில் தண்ணீர் தங்கிக் கொதிக்கிற மாதிரி கரகரப்பு, நடுவே மெல்லிய விசில். மூன்று மாதக் குழந்தைக்கு இவ்வளவா?

மாமாவுக்கு ஒரே பூரிப்பு. தொட்டிலுக்குள் ஃபோனை நீட்டி ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கேட்கவைக்கிறார். “நல்லாக் கேளு. அப்பா குறட்டைதான? அப்பாவே வந்துட்டாங்கடே.”

தாத்தா போன வருஷம்தான் போனார். கல்லாவில் உட்கார்ந்தபடியே மதியம் தூங்குவார். அந்தக் குறட்டைக்குச் சேலை எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அம்மாவைப் பெற்றவர், அத்தானுக்கு அப்பாவைப் பெற்றவர். மாமா மகனையே கட்டிக்கொண்டதில் இரண்டு பக்கமும் ஒரே தாத்தா. அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறோம், பரமசிவம். அத்தை மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டார். அதனால் குழந்தை ‘பெரியவர்’. “பெரியவர் பால் குடிச்சாங்களா?” “பெரியவர் ஈரம் பண்ணிட்டாங்க.” முதல் மாதம் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது எரிச்சல்.

வாங்க: டயப்பர், சின்னத் துண்டு, கொசுவலைக்கு நாடா, எனக்குத் தலைவலித் தைலம்.

ஜூன் 27, வெள்ளி

சட்டையைக் கழற்றிவிட்டுத் தூங்கும்போது பார்த்தேன். மூச்சை இழுத்தால் நெஞ்சு உள்ளே போகிறது, வயிறு மேலே எழும்புகிறது. எனக்கு அப்படி இல்லை. கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டேன்.

எதிர் வீட்டு மும்தாஜ் அக்கா மகளுக்கும் இதே வயதுதான். குப்புறப் போட்டால் தலையைத் தூக்கி எல்லோரையும் முறைக்கிறாள். இவனுக்குக் கழுத்து நிற்கவில்லை. கால் உதைப்பதில்லை. அழுதாலும் அடுத்த அறைக்குக் கேட்காது.

அத்தையிடம் சொன்னேன். “நம்ம வீட்டுப் பிள்ளைங்க எல்லாமே மெதுவாத்தான்த்தா. உன் வீட்டுக்காரன் நடக்கவே எவ்வளவு நாளாச்சு தெரியுமா? சும்மா குழந்தைய நோண்டாத.”

அத்தானிடம் சொன்னேன். “ஆடி முடியட்டும், காட்டலாம்.” ஆடி இன்னும் பிறக்கவே இல்லை. ஏதாவது சொல்லியிருப்பேன். கீழே லாரி ஹாரன், ஓடிவிட்டார்.

சாயங்காலம் கடையின் பழைய கணக்குப்பிள்ளை வந்தார். தொட்டில் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டார், செருப்பில்லாத காலோடு கைகூப்பினார், கண் கலங்கிவிட்டது. “முதலாளி” என்றார் குழந்தையைப் பார்த்து. மாமாவும் அழுதார். இந்த வீட்டில் எல்லோரும் தாத்தாவைப் பார்க்கிறார்கள். என் பிள்ளையைப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. யாரையும் கேட்கவில்லை, ஆட்டோ கூப்பிட்டுவிட்டேன். மாமா பின்னாலேயே ஏறிக்கொண்டார். மயிலாப்பூர் குழந்தை டாக்டர்.

ஆட்டோக்காரர்: “இன்னாக்கா, கொயந்தைக்கு சளியா? எங்க வூட்லயும் இப்டித்தான் கர்ருபுர்ருனு கீது. கற்பூரவல்லி குடு, சரியாப் பூடும்.” அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே மயிலாப்பூர் குளம் வரை போனேன். சளிதான், சளிதான்.

டாக்டர் அம்மா குழந்தையை இரண்டு கையாலும் தூக்கினார். துணி மாதிரி தொங்கினான். முட்டியில் தட்டினார், கால் அசையவில்லை. வாயைத் திறந்து நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு புழு மாதிரி நெளிந்தது. நான் அதுவரை கவனித்ததில்லை.

“குறட்டையும் இல்ல, சளியும் இல்லம்மா. எச்சிலை முழுங்க இவனுக்குப் பலம் இல்ல. அது தொண்டையில தேங்கி நிக்கறது. நெஞ்சுத் தசையும் இழுக்கல, வயித்தாலதான் மூச்சு விடறான்.” பிறகு, “சொந்தத்துலயா கல்யாணம்?”

ஒரு தாளில் வட்டமும் கட்டமுமாக வரைந்தார். நான், அத்தான், என் அம்மா, மாமா. இரண்டு கோடு மேலே ஏறிப் போய் ஒரே கட்டத்தில் முட்டியது. மாமா எட்டிப் பார்த்து அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். “இது எங்கப்பாம்மா. அவங்கதான் இவன்.” டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

அடையாறில் ஒரு நரம்பு மருத்துவருக்குக் கடிதம்.

ஜூலை 3, வியாழன்

அடையாறு. ரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்து. வாய் கோணுகிறது, சத்தம் வரவில்லை. இவன் கத்தினால்கூட நன்றாக இருக்கும் போல.

ஜூலை 8, செவ்வாய்

பரிசோதனைக் கூடத்திலிருந்து ஃபோன். டாக்டர் சீட்டில் ஒரு பெயர், ரத்தக் குப்பியில் வேறு பெயர், மறுபடி எடுக்க வேண்டுமாம். யார் செய்த குளறுபடி என்று குதித்தேன். அத்தை சமையற்கட்டில் தலை குனிந்து நின்றார். அன்றைக்கு நான் குழந்தையோடு உள்ளே இருந்தபோது வெளியே, கூட வந்த அத்தையிடம் பெயர் கேட்டிருக்கிறார்கள். வாய் வரவில்லை. சுவரிலிருந்த சிவன் காலண்டரைக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணும் ‘சிவா’ என்று எழுதிக்கொண்டாள்.

“மாமனார் பேரை எப்படித்தா சொல்றது, இத்தனை வருஷமாச் சொல்லாத பேரு” என்றார். நான் கத்தினேன். அவர் உங்கள் மாமனார் இல்லை, என் பிள்ளை. அவனுக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா? அத்தை அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

மறுபடி குத்து. இந்த முறை பெயரை நானே சொன்னேன். பரமசிவம். தகப்பனார் பெயர், வயது, முகவரி, எல்லாம்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. தெருவில் நடக்க இடமில்லை, கடைக்குக் கடை மைக். முடிவு வந்துவிட்டது. அத்தான் கடையை மாமாவிடம் விட்டுவிட்டுக் கூட வந்தார். ஆடியில் கடையை விட்டு வெளியே வந்ததே இதுதான் முதல் தடவை.

பிறவித் தசை நோய். அதன் பெயரை எழுதப் பிடிக்கவில்லை. எங்கள் இரண்டு பேரிடமும் கோளாறு பாதி பாதி ஒளிந்திருந்ததாம். அத்தானுக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது, இவனிடம் இரண்டும் சேர்ந்துவிட்டன. தாத்தா வழியாக வந்திருக்கலாம் என்றார் நரம்பு மருத்துவர்.

“மருந்து இருக்கு. விண்ணப்பம் போடறேன். ஆனா வரிசை நீளம், இவனுக்கு நேரம் கம்மி. நெஞ்சு ரொம்பத் தளர்ந்துபோச்சு. உங்ககிட்டப் பொய் சொல்ல இஷ்டமில்ல.”

அத்தான்தான் காரை ஓட்டினார். சிக்னலில் நின்றதும், “உனக்கு வேற நல்ல வரன் வந்துச்சு, அன்னிக்கே நான் விலகியிருக்கணும்” என்றார். வாயை மூடுங்கள் என்றேன். பிடித்துத்தான் கட்டிக்கொண்டேன். இந்த மனிதருக்காக வீட்டில் சாப்பிடாமல் கிடந்தவள் நான். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. அதுவும் ஒரு நரகம்.

வீட்டில் ‘தசை பலவீனம், மருந்துக்கு எழுதியிருக்கிறது’ என்று மட்டும் சொன்னோம். தாத்தா வழி என்பதை எப்படியோ அத்தான் வாயிலிருந்து மாமா பிடுங்கிவிட்டார். “எங்கப்பா எனக்குக் கெடுதல் பண்ணுவாங்களாடா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜூலை 21, திங்கள்

தூறல். நல்ல வேளை, புழுக்கம் குறைந்தது.

எச்சில் உறிஞ்சும் மெஷின் வந்துவிட்டது. குழாயை எவ்வளவு தூரம் விடுவது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். அத்தான் குழாயை வாங்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நானே விட்டேன். உறிஞ்சியதும் கொஞ்ச நேரம் மூச்சு நன்றாக இருக்கிறது, பிறகு பழைய கரகரப்பு.

மூச்சுத் திணறினால் தொண்டைக்குள் குழாய் போட்டு மெஷினில் வைப்பதா, வேண்டாமா? யோசித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். போட்டால் எடுப்பது கஷ்டமாம். கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு கிடப்பான்.

கண் நன்றாக இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை. என்னைத் தேடுகிறான். சிரிக்கிறான். மற்றதெல்லாம் ஓய்ந்துபோன உடம்பில் சிரிப்பு மட்டும் சரியாக வருகிறது.

அத்தான் “குழாய் வேண்டாம், வீட்லயே இருக்கட்டும்” என்றார். நான் தலையாட்டினேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு இதையா முடிவு செய்வது? இன்றைக்கு நான் சாமி விளக்கு ஏற்றவில்லை. அத்தை கேட்கவில்லை, அவரே ஏற்றினார்.

வாங்க: பஞ்சு, பாலாடை, மெல்லிய வேட்டித் துணி.

ஜூலை 25, வெள்ளி

இரண்டாவது ஆடி வெள்ளி. நல்ல வெயில். தெரு முனை அம்மன் கோயிலில் காலையிலிருந்தே ஸ்பீக்கர்.

நேற்று சாயங்காலத்திலிருந்து சத்தம் குறைந்திருக்கிறது. கரகரப்பு இல்லை, விசில் இல்லை. காதை வாயருகே கொண்டுபோனால்தான் மூச்சே கேட்கிறது. எச்சில் மெஷின் போடவேண்டிய தேவை இல்லை.

காலையில் அடையாறு டாக்டருக்கு ஃபோன் செய்தேன். ஒரு நிமிஷ மூச்சை எண்ணிச் சொல்லச் சொன்னார், பிறகு, “நல்லாயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்கம்மா. உள்ள போற காத்து குறைஞ்சாலும் சத்தம் குறையும். களைச்சுப்போயிட்டான். நீங்க முடிவ மாத்தறதா இருந்தா உடனே கொண்டாங்க. இல்லன்னா கஷ்டம் தெரியாம இருக்க நான் எழுதின சொட்டு மருந்தக் கொடுங்க, மடியிலேயே வெச்சுக்கோங்க.” அத்தானிடம் ஃபோனை நீட்டினேன். கேட்டார். எனக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழே கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை.

அத்தைக்கும் மாமாவுக்கும் சொல்லவில்லை. இருவரும் கோயிலுக்குப் போய் பொங்கல் வைத்துவிட்டு வந்தார்கள். மாமா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு அடிமேல் அடி வைத்து வந்தார், எங்கே எழுந்துவிடுவானோ என்று. எட்டிப் பார்த்தார். காது கொடுத்துக் கேட்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“பார்த்தியா, சத்தமே இல்ல. ஆத்தா கண்ணத் திறந்துட்டா.”

அத்தை கிண்ணம் நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். நெய் கையில் வழிந்தது. என் மடியில் குழந்தை, எழுந்திருக்க முடியாது, அவரே ஊட்டினார். “சாப்பிடுத்தா. எத்தனை நாளாப் பட்டினி. இனிமே பயமில்ல.”

வாயைத் திறந்தேன். சாப்பிட்டேன். “இன்னும் கொஞ்சம்” என்றார். அதையும் சாப்பிட்டேன்.