கேட்காமல் போட்ட ஊசி

வெள்ளிக்கிழமை, இரவு

நான் நர்ஸாக இருக்கும் பென்னலூர் கிளினிக்குக்கு இன்று செல்வியின் கணவர் வந்தார். கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் செல்விக்கு உடம்பெல்லாம் அரிப்பு. டாக்டர் இல்லாத நேரத்தில் மூன்று முறை நானே ஸ்டீராய்டு ஊசி போட்டேன். சர்க்கரை இருக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இப்போது சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"இன்னா ஊசி போட்டாங்கன்னு அங்க கேக்குறாங்க, சிஸ்டர்."

"அலர்ஜி ஊசிதான்" என்றேன்.

"நீங்க போட்டப்புறம்தான் அவ தூங்குனா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சோறு இறங்கவில்லை. சற்றுமுன் செல்வியின் கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"ஊசி பேரை மெதுவா சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.