சின்னையன் தைத்த கார் உறை

முதலமடை,
நவம்பர் 14

அன்புள்ள மகன் தனபாலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், மாமரங்களும் இந்த வருடம் நோய் நொடி இல்லாமல் நிற்கின்றன. அங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது என்று சொன்னாய், நீயும் மருமகள் செல்வப்பிரியாவும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். வாரம் மூன்று நாள் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அப்பனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். சில விஷயங்களை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை கண்ணு. வடகரப்பதி மோகனசுந்தரத்தின் மகள் கௌசிகா சனிக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரி.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போதுதான் முனகுகிறாள். மழை இந்தத் தடவை பொள்ளாச்சிப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டது, நமக்கு வெறும் காற்றுதான். கிருஷிபவனில் இருந்து விவசாய ஆபீசர்கள் வந்து பார்த்துவிட்டு டிசம்பர் முதல் வாரமே மரம் பூ எடுத்துவிடும் என்று சொன்னார்கள். ஜீப் வழக்கம்போல ஓடுகிறது, கிளட்ச்தான் கொஞ்சம் தகராறு. இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன், இல்லாவிட்டால் இப்படியே ஊர்க்கதை எழுதித் தாளைத் தீர்த்துவிடுவேன்.

உன் சம்பந்தமான ஒரு பொய்யை நான் இரண்டு மாதமாகச் சுமந்துகொண்டு இருக்கிறேன். ஆகஸ்டில் நீ அந்தச் சிவப்புக் காரின் நீளம் அகலம் உயரம் எல்லாம் எழுதி அனுப்பி, கூரை திறக்கிற கார் அப்பா, குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைக்கும்போது மேலே போர்த்த உள்ளே மெத்தென்று இருக்கிற பருத்தித் துணியில் ஒரு உறை வேண்டும், கடையில் கிடைப்பது சரியாக உட்காருவதில்லை, சின்னையன் அண்ணன் தைத்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னாய். உனக்கு நினைவிருக்கும், கோவிந்தாபுரம் ரோட்டில் லாரிக்குத் தார்பாயும் ஜீப்புக்கு மேல்கூடும் தைக்கிற அதே சின்னையன்தான். நான் மறுநாளே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனிதன் ஒரு வாரம் அதிலேயே உட்கார்ந்து, உள்பக்கம் பிளானல் வைத்து, பக்கக் கண்ணாடி இரண்டுக்கும் காது மாதிரிப் பை வைத்து, அடியில் இழுத்துக் கட்ட நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தான். நீ கேட்டபோது நான் என்ன சொன்னேன், சின்னையனுக்குக் கண் ஆபரேஷன், மூன்று மாதம் ஊசி எடுக்கக் கூடாதாம் என்று சொன்னேன். அது பொய். உறை தயாராகி நம் மாங்காய் ஷெட்டின் பரண் மேல் கிடந்தது.

ஏன் என்று கேட்பாய். பொறாமைதான், வேறு என்ன பேர் வைப்பது. உறையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே உன் மாமனார் பூபதிராஜா சொந்தக்காரர்கள் குரூப்பில் பதினேழு போட்டோ போட்டிருந்தார். நீ காருக்கு அடியில் படுத்திருக்கிறாய், அவர் டார்ச் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார். மஞ்சளடித்துப் போன பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடியை நீ பிரித்து எடுக்கிறாய், அவர் அதன் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார். புதிய முகப்பு விளக்கு எரிகிறது, அவர் கட்டை விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கடைசிப் போட்டோவில் கூரையைத் திறந்து போட்டு, நீ ஓட்டுகிறாய், பக்கத்துச் சீட்டில் அவர், தலையில் உன் தொப்பி. அந்தக் காரில் இருப்பதே இரண்டு சீட்டு. கீழே அவர் எழுதியிருந்தது, நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து செய்த வேலை என்று. பொள்ளாச்சி பாங்கில் முப்பத்தி மூன்று வருடம் உட்கார்ந்த மனிதர், சைக்கிள் செயின் கழன்றால்கூடக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர். நான் அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். டார்ச் வெளிச்சம் போல்ட்டின் மேல் விழவே இல்லை, டயர் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரு சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தை நினைத்து இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அப்புறம் எங்கே போனாலும் இதே பேச்சு. வண்ணாமடையில் ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரி சாந்தம்மாள் பந்தியிலேயே வைத்து, ஏனுங்க, சம்மந்தி போயி மாசக்கணக்கா இருந்துட்டு வாராரு, பெத்தவரு நீங்க போகலீங்களான்னு கேட்டாள். தோப்பை விட்டுவிட்டுப் போக முடியவில்லை என்று சொன்னேன். பாதியிலேயே இலையை மடக்கிவிட்டு எழுந்தேன். நீ இரண்டு தடவை கூப்பிட்டாய், இரண்டு தடவையும் நான்தான் வரவில்லை என்று சொன்னேன், அது எனக்குத் தெரியும், தெரிந்தும் அவர் போனது எனக்குப் பொறுக்கவில்லை. நான் கொடுக்காத உறையைத் தவிர அந்தக் காருக்கு என்னிடமிருந்து வேறு ஒன்றும் வரப்போவதில்லை, அதையும் அவர்தான் பக்கத்தில் நின்று போர்த்துவார், அந்தப் போட்டோவும் குரூப்பில் வரும், அதற்கு இது பரணிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. நீ அங்கே கடையில் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிப் போர்த்திவிட்டேன் என்று சொன்னபோது சரி என்று போனை வைத்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் நின்றால் துணிக் கூரை பூஞ்சை பிடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பூபதிராஜா இங்கே வந்தார். ஊர் திரும்பிய பிறகு முதல் தடவை. நீ அனுப்பிய ஸ்வெட்டரும் சாக்லேட்டும் கொண்டுவந்தார். நான் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு வாங்க என்று சொன்னேன், அம்மா பலகாரம் வைத்தாள். நேரம் பார், அதே சமயம் ஜீப் மேல்கூடு கிழிந்ததைத் தைக்க அம்மா சொல்லிவிட்டிருந்தாள் போல, சின்னையன் சைக்கிளில் வந்து இறங்கினான். நீ சொல்லித்தான் தெரிந்திருக்கும், பூபதிராஜா எழுந்து நின்று மரியாதையாக, கண்ணு ஆபரேசன் ஆச்சாமுங்களே, இப்பத் தேவலைங்களா என்று கேட்டார். சின்னையன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கு ஏனுங்க ஆபரேசன், ஊசியில நூல் கோக்கறதுக்கு இன்னும் கண்ணாடியே போடறதில்லீங்க என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, அண்ணா, தம்பி காருக்கு அந்த உறை செரியா உக்காந்துதுங்களா, காதுப்பை கொஞ்சம் இறுக்கமாயிருச்சோன்னு நெனச்சுட்டே இருந்தேன் என்று கேட்டான். அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அறுபத்தி மூன்று வயதில், என் வீட்டு முற்றத்தில், மூன்று பேர் முன்னால் திருடன் மாதிரி நின்றேன்.

பூபதிராஜா ஒன்றும் கேட்கவில்லை. அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். தோப்பப் பாத்துட்டு வரலாமுங்களா சம்மந்தி என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாலு வரிசை மரம் தாண்டிய பிறகு நானே சொல்லிவிட்டேன், உறை பரணில் இருக்கிறது, உங்கள் போட்டோவைப் பார்த்துத்தான் அனுப்பவில்லை என்று. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், கோபப்படுவார் என்று நினைத்தேன், இரண்டும் இல்லை. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்க பொறாமப்பட அங்க ஒண்ணுமே நடக்கலீங்க சம்மந்தி, அஞ்சு மாசத்துல மாப்பிள்ளை என்னைய ஒரு போல்ட்டு தொட உடலீங்க, டார்ச்சையும் ரெண்டு நிமிசம் போட்டோவுக்குப் பிடிச்சதுதான், மாமா நீங்க போயி உள்ள உக்காருங்க, கையெல்லாம் அழுக்காயிரும்ன்னு அனுப்பிப்போட்டு அவரேதான் எல்லாஞ் செய்வாரு, ஊருல நாலு பேரு கேப்பாங்களேன்னு நான்தான் சேந்து செஞ்சதா எழுதிப்போட்டேன் என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு உன் காலேஜ் மூன்றாம் வருட லீவு நினைவுக்கு வந்தது. ஜீப்பின் கியர்பாக்ஸை நான் இறக்கி வைத்திருந்தேன். நீ சட்டையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்தாய். நான் உன் கையில் இருந்து பிடுங்கி, கையைக் கழுவிட்டு உள்ள போ, இந்த அழுக்கெல்லாம் உனக்கு வேண்டாம் என்று விரட்டினேன். நீ படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன், ஆனாலும் இன்னொரு உண்மையும் உண்டு, என் வேலையில் இன்னொரு கை படுவது எனக்குப் பிடிக்காது. நீ அன்றைக்கு எழுந்து போனவன் அப்புறம் ஷெட் பக்கமே வரவில்லை.

பூபதிராஜா அதோடு நிறுத்தவில்லை. அவர் வந்ததே இதற்காகத்தான். செல்வப்பிரியா இரண்டு வருடமாக அந்தக் காரின் சீட்டுக்குத் தானே புதுத் தோல் தைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, தையல் முறை எல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டு, பழைய சோபாவில் தைத்துப் பழகியும் வைத்திருக்கிறாளாமே. கேட்கும்போதெல்லாம் நீ, அப்புறம் பார்க்கலாம், நானே செய்துகொள்கிறேன் என்கிறாயாமே. சனி ஞாயிறு முழுக்க நீ காரோடு இருக்கிறாய், அவள் கேரேஜ் கதவு வரைக்கும் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குளிரில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவர் கண் கலங்கி, எம்பொண்ணு எங்கிட்ட என்ன சொன்னா தெரியுங்களா சம்மந்தி, அப்பா, எனக்கு அந்தக் காரைப் பார்த்தாலே வயித்தெரிச்சலா இருக்குதுன்னு சொன்னா என்றார். எனக்கு அவரைப் பார்த்துப் பொறாமை, அவளுக்கு ஒரு வண்டியைப் பார்த்து. நீயோ அவர்கள் யாரையும் பக்கத்தில் விடாமல், உனக்கு நான் செய்ததையே செய்துகொண்டு இருக்கிறாய். செல்வப்பிரியா இதை உன்னிடம் சொல்ல மாட்டாள் என்று அவர் சொன்னார், அதனால் நான் சொல்கிறேன்.

அவர் போனதும் அம்மா என்னிடம் அன்றைக்கு முழுவதும் பேசவில்லை. மறுநாள் காலை கிளட்ச் பார்க்க ஜீப்புக்கு அடியில் போனவன், என்னமோ தோன்றி அம்மாவை, முத்தாத்தா, அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடு என்று கூப்பிட்டேன். வீட்டுக்குள் சீப்பைக்கூட எனக்கு அவள்தான் எடுத்துத் தர வேண்டும், ஆனால் ஷெட்டுக்குள் அவளை ஒரு சாமான் எடுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. பெட்டியைத் துழாவாமல் சரியான ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் கொடுக்கவில்லை, குனிந்து பார்த்துவிட்டு, நீங்க எப்பவும் கேபிளை மொதல்ல முடுக்கறீங்க, அதான் ரெண்டு மாசத்துல மறுக்கா கெட்டுப்போவுது, லாக் நட்டை மொதல்ல தளத்தோணுமுங்க என்றாள். முப்பத்தி ஆறு வருடம் சோற்றுத் தூக்கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தவள் கண்ணு. நான் நகர்ந்து இடம் விட்டேன். அவளே தளர்த்தினாள்.

சரி, காருக்கு வருகிறேன். கௌசிகா கொண்டுவரும் பொட்டலத்தில் இருப்பது சின்னையன் தைத்த உறை. பிளாஸ்டிக்கை இன்றைக்கே எடுத்துவிடு. கூரையை மடக்கி வைக்காதே, மூடியே வை, மடித்த இடம் குளிரில் விரிசல் விட்டுவிடும். போர்த்துவதற்கு முன் கூரை ஓரத்துத் தண்ணீர் போகும் ஓட்டைகளில் மெல்லிய கம்பி விட்டு இலை தூசு எடுத்துவிடு. பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டாய் என்று சொன்னாய், நல்லது. பெட்ரோல் டாங்க் நிரம்பி இருக்கட்டும், பாதி டாங்க் என்றால் உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும். புகைக்குழாய்க்குள் கம்பி நார் உருண்டை செருகி வை, எலி எந்த நாட்டிலும் எலிதான், நம் ஜீப்பில் வயரைத் தின்ற கதை உனக்குத் தெரியும். இதையெல்லாம் நீ ஏற்கெனவே செய்திருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். சீட்டு இரண்டையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் செல்வப்பிரியாவின் முன்னால் வைத்துவிடு. பனி முடிய ஐந்து மாதம் இருக்கிறது, அவள் தைக்கட்டும். தையல் கோணலாகப் போனாலும் நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, பிரித்துச் சரிசெய்யவும் கூடாது.

என் பொறாமை போய்விட்டதா என்றால், பொய் சொல்லமாட்டேன், முழுதாகப் போகவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிற போட்டோவை நேற்றும் ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். பாஸ்போர்ட்டுக்கு நானும் அம்மாவும் எழுதிக் கொடுத்துவிட்டோம். இந்த வருடக் காய்ப்பை முன்னாலேயே வியாபாரிக்கு விட்டுவிடுகிறேன், மரத்துக்குக் காவல் நான்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. மே மாதம் நீ காரை வெளியே எடுக்கும்போது நாங்கள் அங்கே இருப்போம். கூரையைத் திறந்து முதல் தடவை செல்வப்பிரியா ஓட்டட்டும், நீ பக்கத்தில் உட்கார். அடுத்தது அம்மா ஏறட்டும். அப்புறம்தான் நான். அதுவரைக்கும் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், அது எனக்கு நல்லதுதான்.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய் இல்லாமல், மனதில் குறை இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று நம் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அம்மா தனியாக எழுதவில்லை, அவள் ஆசீர்வாதமும் இதிலேயே. ஒன்று மறந்துவிடாதே, மே மாதம் வண்டியைக் கிளப்பும்போது கேரேஜ் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதே, அந்தப் புகையில் இருக்கிற விஷத்துக்கு வாசம் கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். பூபதிராஜாவுக்கு நீயே போன் செய்து இரண்டு வார்த்தை பேசு. இந்தக் கடிதத்தை செல்வப்பிரியாவிடமும் படிக்கக் கொடு, ஒரு வரிகூட மறைக்காமல்.

இப்படிக்கு,
உன் அப்பா
குப்பண்ணன்