மூன்றாவது சேர்வரின் பெயர்

மச்சான்,

இன்று நாலாவது சேர்வர் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்ததும் புது இரப்பர் வாடை எழும்பி நம் ஓர்ஸ் ஹில் மேடு முழுவதும் பரவியது. தெருத்தெருவாய் மேயும் நகரத்து மான்கள்கூட மூக்கைப் பொத்தியிருக்கும். மூன்றாவது சேர்வர் வந்த அன்றும் இதே வாடைதான்.

நம் அறை அப்படியே இருக்கிறது. உலகத்துக் கப்பல்கள் அத்தனையையும் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு மீதியில் கிரிக்கெட் விளையாடக்கூடிய துறைமுகம் சுவருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் சன்னல் இல்லாத நாம். உள்ளிருந்து இழுத்தால் திறக்காத கதவை இன்னும் திருத்தவில்லை. முன்பெல்லாம் ஒருவருக்காக மற்றவர் வெளியே நின்று உதைத்தோம். இப்போது தேநீர் கொண்டுவருபவரின் தயவில்தான் எனக்கு விடுதலை.

பதவி மட்டும் பெரிது. மீனவர் சங்கத்தின் இணையப் பக்கத்துக்கு நாம் இருவரும் சக்கரவர்த்திகள். எந்தப் படகு கடலில், எது கரை சேர்ந்தது என்று வீட்டார் போனில் பார்க்கும் பக்கம். காற்று எழும்பினால் மாவட்டமே ஒரே நேரத்தில் பார்க்கும். ஒரு சேர்வர் தாங்காது என்று இரண்டாக்கினோம், பிறகு மூன்றாக்கினோம். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவற்றில் ஏதோ ஒன்று பதில் சொல்லும். ஒவ்வொன்றும் டேட்டாபேஸிடம் ஒருமுறை கேட்ட பதிலைத் தன் கேச்சில் வைத்துக்கொண்டு அடுத்து வருபவருக்கும் அதையே சொல்லும். டேட்டாபேஸுக்கும் மூச்சுவிட நேரம் வேண்டுமல்லவா? படகு கரை சேர்ந்ததும் 'உன்னிடம் இருப்பது பழசு, எறிந்துவிடு' என்று எல்லாச் சேர்வர்களுக்கும் செய்தி போகும். எல்லாம் என்றால், நம் பட்டியலில் பெயர் உள்ளவை எல்லாம்.

மூன்றாவதை மாட்டி முடித்ததும் நீ சொன்னாய்: "பட்டியலில இதின்ர பேரையும் போட்டுவிடு மச்சான், நான் சாப்பிட்டிட்டு வாறன்." ஓம் என்றேன். எனக்கும் பசித்தது. அன்றைய என் பசிக்குக் கிண்ணியா எருமைகள் அத்தனையின் தயிரும் காணாது. நானும் எழும்பிப் போனேன். பெயர் எழுதப்படவே இல்லை.

நாலைந்து நாள் ஒருவரும் கவனிக்கவில்லை. ஆண்கள் தாங்களே வீட்டுக்கு வந்துவிட்டால் பக்கத்தை யார் பார்ப்பார்கள்? பிறகு ஒரு பின்னேரம், நல்ல காற்று. குச்சவெளியிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். கணவனின் படகு கரை சேர்ந்தது என்று பக்கம் சொல்கிறதாம். மகள் திரும்பத் திறந்தால் கடலில் என்கிறதாம். இன்னொருமுறை திறந்தால் மறுபடி கரையில். காற்றுக்கு ஒதுங்கி அவன் வேறு துறையில் கரையேறியிருந்தான். அவனுடைய போன் நனைந்துபோயிருந்தது. அவளுக்கு அது எப்படித் தெரியும்?

"தம்பி, என்ர மனுசன் உங்கட பெட்டிக்குள்ள சாகிறதும் பிழைக்கிறதுமா இருக்கிறார். ஒண்டைச் சொல்லுங்கோ" என்றாள்.

நீ டேட்டாபேஸை நேரே பார்த்தாய், துறைக்கும் போன் எடுத்து உறுதிசெய்தாய், ஆள் சுகமாக இருக்கிறார் என்று அவளுக்குச் சொன்னாய். பிறகு பட்டியலைத் திறந்தாய். இரண்டே பெயர்கள். மூன்றாவதுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் கேட்ட பதிலையே அது விசுவாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நீ என் பக்கம் திரும்பினாய்.

"நான் உன்னட்டச் சொன்னனான் எல்லோ?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய்.

"இல்லை மச்சான். நீ சொல்லேல்லை."

ஆயுள் முழுவதும் நான் அவிழ்த்துவிட்ட புளுகுகளை அடுக்கினால் நம் கடலோரத்துச் சுவாமிமலைப் பாறையே குள்ளமாகிவிடும். எதையும் பெருப்பிக்காமல் நான் சொன்ன ஒரே பொய் இதுதான்.

நீ நெற்றியைத் தேய்த்துக்கொண்டாய். அப்படியென்றால் மறந்துவிட்டேன்போல என்றாய். மறுநாள் பஸ் ஏறிக் குச்சவெளிக்குப் போய் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டாய். அவர்கள் தந்த கருவாட்டில் பாதியை எனக்குத் தந்தாய். பொரித்துத் தின்றேன். ஒரு முள்கூடத் தொண்டையில் நிற்கவில்லை. நின்றிருக்கலாம்.

அதற்குப் பிறகு கொப்பி வந்தது. என்னிடம் எதைச் சொன்னாலும் நேரத்தோடு அதில் எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தையும் வாங்கினாய். நீ நம்பாமல் போனது என்னை அல்ல, உன்னை. உன் தகப்பனுக்குக் கடைசிக் காலத்தில் ஞாபகம் விட்டுப்போனது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டேன். சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயைத் திறந்தேன், மான் கதையோ மீன் கதையோதான் வந்தது. ஒவ்வொரு கையெழுத்தோடும் சொல்வது இன்னும் கஷ்டமானது.

பிறகு நீ பட்டியலையே இல்லாமல் ஆக்கினாய். பொதுவான ஓர் இடத்தில் ஓர் எண். எந்தப் படகு வந்தாலும் போனாலும் அந்த எண் ஒன்று கூடும். சேர்வர் எதுவானாலும் பதில் சொல்லமுதல் அந்த எண்ணைப் போய்ப் பார்க்கும். தன் பதிலை வாங்கியபோது குறித்துவைத்த எண் அதைவிடச் சிறிதாக இருந்தால் எறிந்துவிட்டுப் புதிதாகக் கேட்கும். ஒருவரும் ஒருவருக்கும் செய்தி சொல்லத் தேவையில்லை. சங்கத்தில் கைதட்டினார்கள். நீ சிரிக்கவில்லை.

"மறக்கிறவன் செய்யிற வேலை எண்டா இப்பிடித்தான் இருக்கவேணும்" என்றாய்.

அடுத்த கிழமை சேர்வர்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, நீயாகவே கேட்டுப் படகுப் பதிவு மேசைக்குப் போனாய். அங்கேயே ஒரு நாள் காலை, தேநீர் ஆறுவதற்குள் இந்த உலகத்தை விட்டே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று நாலாவதை மாட்டினேன். எங்கும் பெயர் எழுத வேண்டியிருக்கவில்லை. நூறுமுறை திறந்து பார்த்தேன், நாலும் ஒரே பதிலைச் சொல்கின்றன. அதற்குமேல் அறைக்குள் இருக்க ஏலவில்லை. உன் வீட்டுக்குப் போனேன்.

உன் மனைவியிடம், கதைக்கு வாலும் கொம்பும் வைக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னேன். "அவன் சொன்னவன், தங்கச்சி. மறந்தது நான்."

அவள் சொன்னாள்:

"அவர் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, பிள்ளையளின்ர பேரையும் பிறந்த நாளையும் எழுதிப் பாத்தவர், அண்ணன். ஒருநாளும் பிழை வரேல்லை. அப்பவும் தன்னை நம்பேல்லை."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பி வந்திருப்பேன். தேநீர் வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லவும் ஏலாமல், இருந்து குடிக்கவும் ஏலாமல் நின்றேன்.

உன் ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை, மச்சான். நான் தந்த அந்தப் பழைய பதிலோடு நீ போய்விட்டாய். சரியான பதிலை வைத்துக்கொண்டு நான் இங்கே இருக்கிறேன்.