பிரேசிலுக்குப் போன வல்லிபுரத்தார்

யாழ்ப்பாணம்
ஐப்பசி, 1991

என் அன்பானவருக்கு,

"அங்கேயிருந்து எழுதுவதை யார் வாசிக்கப்போகிறார்கள்?" என்று லண்டனிலிருந்து கேட்டீர்களே, வாசித்திருக்கிறார்கள்! பாம்புக்கடி பற்றிய என் கட்டுரையைப் பிரேசிலில் ஒரு வைத்தியர் தன் ஆய்வில் மேற்கோள் காட்டியிருக்கிறார். அதன் பிரதி மாதக்கணக்கில் சுற்றிப் போன கிழமைதான் வந்துசேர்ந்தது. கூடவே அவருடைய குறிப்பு ஒன்று: "உங்கள் கட்டுரைகள் எல்லாவற்றையும் அனுப்பிவையுங்கள்." எல்லாவற்றையுமாம்! நான் எழுதியதே அந்த ஒன்றுதான்.

அதில் 'மூன்றாவது நோயாளி' என்று வருகிறவர் சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டக்காரர் வல்லிபுரத்தார். கிளினிக்குக்கு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இடமே அதிரச் சிரித்தார்.

"அப்ப நான் பிரேசிலுக்கே போயிட்டன்! டொக்டரம்மா, நீங்கள் இன்னும் லண்டனுக்குப் போகேல்லை!"

மறுநாள் ஒரு பனையோலைக் கடகம் நிறையக் கத்தரிக்காயோடு வந்து நின்றார். எங்கள் தாதிமார் எல்லோர் வீட்டிலும் அன்று கத்தரிக்காய்க் குழம்புதான்.

லண்டன் பயணம் எப்போது என்று கேட்டிருந்தீர்கள். இங்கே மழை தொடங்கிவிட்டது, பாம்புகளும் வெளியே வந்துவிட்டன. கடிபட்டு வந்த இருவர் பிழைத்து, ஆஸ்பத்திரி வாட்டில் சோறு போதாதென்று சண்டை பிடிக்கிறார்கள். இரண்டாவது கட்டுரைக்குத் தலைப்பும் வைத்துவிட்டேன். அதன் முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயர் வரும்: காத்திருந்தமைக்காக.

என்றும் உங்கள்,
வீம்புக்காரி