கண்ணுக்கு மட்டும் பயந்தீர்களே

அண்ணே,

இன்று காலை உங்கள் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது வேட்டிகளுக்கு அடியிலிருந்து சர்க்கரை மாத்திரை அட்டைகள் வந்து விழுந்தன. அண்ணி மாதாமாதம் வாங்கிக் கொடுத்தவை. ஒன்றில்கூட ஒரு மாத்திரை பிரிக்கப்படவில்லை. நான் அழவில்லை. அத்தனையையும் சுவரில் வீசியெறிந்தேன். அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

கண்ணில் புரை என்றபோது எப்படிப் பயந்தீர்கள்! முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். "கண்ணு போச்சுன்னா டிரைவர் செத்த மாதிரிம்மா" என்று போனில் குரல் நடுங்கியது. திருவெறும்பூரிலிருந்து லீவு போட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு ஓடி வந்தேன். சர்க்கரை குறைந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும், ஒரு மாதம் வேளை தவறாமல் மாத்திரை போட்டீர்கள். காபியில் சர்க்கரையை விட்டீர்கள். காவிரிப் பாலம் வரை நடந்தீர்கள். உங்களால் முடிந்ததே! அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. சில நாள் கழித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று, வருகிற பஸ்களின் போர்டையெல்லாம் சத்தமாக வாசித்தீர்கள். "ஜீயபுரம்! பாரும்மா, எவ்ளோ தெளிவு!" நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கே அல்வா வாங்கினீர்கள். "அதான் எல்லாம் சரியாப் போச்சே."

எது சரியாகப் போனது? புரை பார்வையை மறைத்தது, எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தார்கள், தீர்ந்தது. சர்க்கரையை அப்படி வெட்டியெறிய ஏது ஆபரேஷன்? டாக்டர் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்: "கண்ணு வேலை முடிஞ்சிடுச்சு, சுகர் முடியலைங்க. மாத்திரைய நிறுத்திடாதீங்க." தலையை ஆட்டினீர்கள். அதன்பின் போனில் நான் கேட்டபோதெல்லாம், "போட்டாச்சு, போட்டாச்சு." வாய் கூசாத பொய்.

செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு வீடு வரை நடந்து வந்திருக்கிறீர்கள். சர்க்கரையால் மரத்துப்போன பாதம், குத்தியது தெரியவே இல்லை. புதுக் கண்ணால் ராஜகோபுரத்தை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தவர், குனிந்து சொந்தக் காலைப் பார்க்கவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் அண்ணிக்கே தெரிந்தது. "சின்னப் புண்ணு, இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா" என்று மேலும் நான்கு நாள் கடத்தினீர்கள். காலை எடுத்தார்கள். விஷம் அதற்குள் ரத்தத்தில் கலந்திருந்தது. எட்டாம் நாள் போய்விட்டீர்கள்.

துக்கத்துக்கு வந்த ஒருவர், "சுகர் யாருக்குத்தான் இல்ல? எல்லாம் விதிம்மா" என்றார். "விதியில்லைங்க, வீம்பு" என்று கத்திவிட்டேன்.

ஆனால் இன்று அந்த அட்டைகளைப் பார்த்த பிறகு கோபம் உங்களோடு நிற்கவில்லை. உங்கள் கண்ணுக்காக நான்கு முறை லீவு போட்டேன். சர்க்கரைக்கு வெறும் போன். கண் என்றால் வீடே ஓடியது. சர்க்கரை என்றால் விசாரிப்பதோடு சரி.

போன மாதம் அண்ணிக்கும் சர்க்கரை என்று தெரிந்தது. இப்போது ஞாயிறுதோறும் வருகிறேன். மாத்திரையை என் எதிரிலேயே விழுங்கச் சொல்கிறேன். பாதத்தை மடியில் வைத்து, விரல் இடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இன்று வலது காலைப் பார்த்து முடித்தபோது அண்ணி மெதுவாகக் கேட்டார்:

"உங்க அண்ணனுக்கும் ஒரு நாள் இப்படிப் பாத்திருக்கலாமேம்மா?"

அண்ணியின் இடது காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.