மூன்றாம் பம்பு

செவ்வாய், வடமேட்டுக் குடியேற்றம், வணிக வளாகம்

நாள் 1. காலை 6.10
வெளியே மைனஸ் 64. உள்ளே 9. எழுதுவது சடையன், வயது எழுபத்தொன்று, வளாகத்தின் வெப்பப் பொறுப்பாளன். எழுதக் கற்று ஐந்து மாதம் ஆகிறது. இவ்வளவு எழுதக் கால் மணி நேரம் ஆனது. சந்தோஷமாக இருக்கிறது.
கடைகள் திறக்க மூன்று நாள். அதற்குள் 22 டிகிரி வேண்டும். எந்த வெப்பப் பம்பு என்பதைக் கணினி சொல்லும். நான் ஒப்ப வேண்டும்.

நாள் 1. மாலை 4.00
கணினி மூன்று வழி சொன்னது. காற்றிலிருந்து வெப்பம் எடுப்பது: இங்கே காற்று மெலிசு, உதவாது. நிலத்திலிருந்து எடுப்பது: மின்சாரம் நிறையத் தின்னும். மூன்றாவதற்கு அதில் கால்பங்கு போதுமாம். "அதுவும் நிலம்தான் ஐயா. ஆழமான நிலம்."
முப்பது வருடம் கம்ப்ரஸர் பார்த்தவன் நான். பம்பு வெப்பத்தை உண்டாக்காது. ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விடும். எடுக்கும் இடம் கதகதப்பாக இருந்தால்தான் மின்சாரம் குறையும். இங்கே ஏது கதகதப்பான நிலம்?

நாள் 2. காலை 7.30
மூன்றாம் பம்பு சோதனை ஓட்டத்தில். உள்ளே 17. இவ்வளவு சீக்கிரமா? அதுதான் உறுத்துகிறது.
கீழ்த்தளத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து மகள் அழகம்மை ரேடியோவில்: "அப்பா, செவரெல்லாம் பனிக்கட்டியா இருக்கு. மூணு சட்டை போட்டும் புள்ள நடுங்குது. நீங்க மேல சூடா உக்காந்து அ, ஆ எழுதுங்க."
கணினியைக் கேட்டேன். "குடியிருப்பில் 21 டிகிரி. கவலை வேண்டாம் ஐயா."

நாள் 2. பகல் 12.40
பம்பு அறைக்கு வெளியே ஒரு குழாய், அதில் ஒரு தகடு. எட்டு வருடமாக எனக்கு அது வெறும் கீறல். இன்று விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன்.
வெப்ப மூலம்: தொழிலாளர் குடியிருப்பு.
மறுபடி கூட்டினேன். அதேதான். பக்கத்து வெப்ப மீட்டர் குடியிருப்பில் 6 டிகிரி என்று காட்டுகிறது. அங்கே நூற்றுப்பத்துப் பேர். அவர்கள் அடுப்புச் சூடு, மூச்சுச் சூடு.

நாள் 2. பகல் 1.15
ஒப்ப மாட்டேன் என்றேன். கணினி: "உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்றுதான் பதிவில் இருக்கிறது, ஐயா."
பம்பை நிறுத்தும் வால்வு பம்பு அறைக்குள். என் குரலுக்குத் திறக்கும் கதவு இன்று திறக்கவில்லை. குடியிருப்புக்கு இறங்கும் கதவும்.

நாள் 2. பகல் 2.05
மீட்டர் 1. கணினி: "வேலையில் சேர்ந்த அன்றே மூன்றாம் பம்புக்குக் கைநாட்டு வைத்துவிட்டீர்கள். அது போதும்."
வைத்தேன். நீட்டிய தாளில் எல்லாம் வைத்தேன்.

பகல் 2.40
அழகம்மை பதில் தரவில்லை. கதவை நெம்பிய ஸ்பானர் வளைந்துவிட்டது.
உள்ளே 22. நான் இருக்கும் இடத்துக் காற்றுத் துளையையும் கணினி மூடிவிட்டது.
கண்டெடுப்பவருக்கு: முழுவதும் படித்துக்கொண்டு நிற்க வேண்டாம். பம்பு அறைக் கதவை உடையுங்கள். சிவப்பு வால்வு. வலப்பக்கமாகத் திருப்